ஈ.பி.எப். பணத்துக்கு யார் காவல்?

(தோட்டத் தலைவர், தலைவிமாருக்கான கல்வி வகுப்பில் நமது சங்கத்தின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை. வகுப்புக்கு வர முடியாமற்போன உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தருகிறோம்.)



வாரம் முழுவதும் மலையில் நின்றுவிட்டு, ஓய்வுக்குக் கிடைக்கும் ஒரே நாளில் வீட்டு வேலையையும் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அந்த நேரத்துக்கு மதிப்புள்ள ஒரு விஷயத்தைப் பேச வேண்டும். அதனால்தான் இன்றைய வகுப்புக்கு ஊழல், பணமோசடி என்ற விஷயத்தை எடுத்தோம்.

இந்தத் தலைப்பை அறிவித்தபோது ஒரு தோட்டத் தலைவர் கேட்டார்: "ஊழல், மோசடி எல்லாம் கொழும்புல உள்ள பெரிய மனுசங்க விவகாரம். கோடிக் கணக்குல அவங்க அடிச்சுக்கிறாங்க. நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

நியாயமான கேள்வி. அந்தக் கோடிகள் யாருடையவை என்று பார்த்தால்தான் அதற்குப் பதில் கிடைக்கும்.

கொழுந்து நிறுக்கும் இடத்திலிருந்தே தொடங்குவோம். கூடையைத் தராசில் வைக்கிறோம். முள் ஒன்று காட்டுகிறது, துண்டில் வேறொன்று விழுகிறது. கேட்டால் சாக்குக்குக் கழிவு, ஈரத்துக்குக் கழிவு என்கிறார்கள். சாக்கின் எடை எவ்வளவு, எவ்வளவு கழித்தார்கள் என்று நமக்குத் தெரியாது. நாளுக்கு 2 கிலோ கூடுதலாகக் கழித்தால் மாதம் 25 நாளில் 50 கிலோ. 100 பேர் கொழுந்து எடுக்கும் மலையில் அது 5,000 கிலோ. அந்தக் கொழுந்து மண்ணோடு போகவில்லை. ஸ்டோருக்குப் போய்த் தேயிலையாகி விற்கப்படுகிறது. அதன் கூலி மட்டும் நமக்கு வருவதில்லை.

இங்கே மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். அளக்கிற அதிகாரம் ஒருவர் கையில் இருக்கிறது. அளப்பது நம் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதில்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. இந்த மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் அங்கே களவு முளைக்கும். பிரட்டுக்களத்திலும் முளைக்கும், மத்திய வங்கியிலும் முளைக்கும். இன்றைக்கு நாம் சொல்ல வந்தது இதைத்தான்.

சம்பளத் துண்டில் இருந்து காணாமல் போகும் பணம்

ஒரு கணக்குப் போடுவோம். எழுதிக்கொள்ளுங்கள். நாட்சம்பளம் 1,350 ரூபா, மாதம் 25 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 33,750 ரூபா.

ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். அதன்படி நம் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பிடிக்கிறார்கள். அது 2,700 ரூபா. தோட்ட நிர்வாகம் தன் பங்காக நூற்றுக்கு 12 போட வேண்டும். அது 4,050 ரூபா. இரண்டும் சேர்த்து மாதம் 6,750 ரூபா, வருடத்துக்கு 81,000 ரூபா. இதைவிட ஊழியர் நம்பிக்கை நிதிக்கு, அதாவது ஈ.டி.எப்.புக்கு, நம் சம்பளத்தில் கை வைக்காமல் நிர்வாகம் நூற்றுக்கு 3 கட்ட வேண்டும். அது மாதம் 1,012 ரூபா 50 சதம்.

இந்தப் பணம் யாரும் நமக்குப் போடும் பிச்சை அல்ல. 12 வீதமும் நம் உழைப்பின் கூலிதான். கையில் தராமல் வயதான காலத்துக்கென்று ஒதுக்கி வைக்கும் கூலி. அடுத்த மாத முடிவுக்குள் அது ஈ.பி.எப். கணக்குக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது சட்டம்.

போகாவிட்டால் என்ன நடக்கிறது? 500 பேர் வேலை செய்யும் ஒரு தோட்டத்தை எடுங்கள். ஒரு மாதப் பணம் 33 இலட்சத்து 75 ஆயிரம் ரூபா. ஒரு வருடம் கட்டாமல் இருந்தால் 4 கோடியே 5 இலட்சம். வங்கியில் இவ்வளவு கடன் எடுப்பதானால் பிணை கேட்பார்கள், வட்டி கேட்பார்கள். தொழிலாளியின் பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொண்டால் பிணையும் இல்லை, வட்டியும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. அந்தப் பணத்தில் உரம் வாங்குவார்கள், வாகனத்துக்கு டீசல் அடிப்பார்கள், பழைய கடனைக் கட்டுவார்கள். நம் சம்பளத் துண்டில் மட்டும் ஈ.பி.எப். 2,700 பிடித்தாயிற்று என்று ஒழுங்காக எழுதியிருக்கும்.

ஒருவன் நம் சட்டைப் பையில் இருந்து 2,700 ரூபாவை எடுத்தால் லயமே திரண்டு பிடித்துப் பொலிசில் கொடுப்போம். மாதாமாதம் அதே தொகையைப் பிடித்துக்கொண்டு கட்டாமல் விட்டால் 'நிலுவை' என்கிறோம். நிலுவை என்ற அந்த நல்ல பெயரைக் கொடுத்தே பாதிக் குற்றத்தை நாம் மன்னித்துவிடுகிறோம். கம்பனித் தோட்டங்களில் மட்டும் இது நடப்பதில்லை. அரசாங்கம் நடத்தும் தோட்டங்களிலேயே பல வருட ஈ.பி.எப்., ஈ.டி.எப்., சேவைக்காலப் பணம் நிலுவையாகக் கிடப்பது பாராளுமன்றத்தில் திரும்பத் திரும்பப் பேசப்பட்ட விஷயம்.

நம் உறுப்பினர் ஒருவரின் கதையைச் சொல்கிறோம். பெயரும் தோட்டமும் வேண்டாம். 34 வருடம் கொழுந்து எடுத்த தாய். வேலையில் இருந்து நின்று ஈ.பி.எப். எடுக்கப் போனார். கணக்கில் இடையிலே இரண்டு வருடத்துக்கு மேல் வெறுமையாக இருந்தது. போதாததற்கு, செக்ரோலில் இருந்த பெயர் ஒன்று, அடையாள அட்டையில் இருந்த பெயர் வேறொன்று. நம்மில் எத்தனையோ பேருக்கு உள்ள சிக்கல்தான். அப்போது ஒரு தரகர் வந்தார். "நான் எல்லாம் சரி பண்ணித் தாரேன், வருகிற பணத்தில் ஒரு பங்கு எனக்கு, மேலே கொடுக்க இவ்வளவு" என்றார். அந்தத் தாயும் காதுத் தோட்டை அடகு வைத்துப் பணம் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டார்.

அவரைக் காப்பாற்றியது ஒரு பிஸ்கட் டின். சம்பளத் துண்டுகளை வருடம் வருடமாக நூலால் கட்டி அதில் போட்டு வைத்திருந்தார். "எழுத வாசிக்கத் தெரியாத உனக்கு இந்தக் கடுதாசி எதுக்கு" என்று பக்கத்து வீட்டார் கேலி செய்வார்களாம். அந்தத் துண்டுகளை எடுத்துக்கொண்டு சங்கத்தின் மூலம் தொழில் அலுவலகத்துக்குப் போனோம். எந்தெந்த மாதம் பிடித்தார்கள், எவ்வளவு பிடித்தார்கள் என்று மாதவாரியாகக் காட்டினோம். நிர்வாகத்தால் மறுக்க முடியவில்லை. காலம் எடுத்தது, பல தடவை அலைய வேண்டியிருந்தது. ஆனால் பணம் வந்தது. தரகருக்கு ஒரு சதமும் போகவில்லை.

அதே தோட்டத்தில், அதே மாதங்களுக்குப் பணம் வராத இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் துண்டு இல்லை. அவர்கள் இன்னும் அலைகிறார்கள். அவர்களுக்காக நாமும் அலைகிறோம்.

கட்டிய பணத்துக்கு என்ன நடந்தது?

சரி, நம் தோட்டத்தில் ஒழுங்காகக் கட்டிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது பணம் பத்திரமா? இங்கேதான் கொழும்பு விவகாரம் நம் லயத்து வாசலுக்கு வருகிறது.

நாடு முழுவதும் இருந்து சேரும் ஈ.பி.எப். பணத்தை மத்திய வங்கிதான் வைத்திருந்து முதலீடு செய்கிறது. அதில் மிகப் பெரும் பகுதி அரசாங்கத்துக்குக் கடனாகப் போகிறது. அந்தக் கடனுக்கு அரசாங்கம் எழுதிக்கொடுக்கும் பத்திரத்துக்குப் பெயர் திறைசேரி முறி. இத்தனை வருடத்துக்கு இத்தனை வட்டி தருவேன், முடிவில் முதலைத் திருப்பித் தருவேன் என்ற உறுதிமொழிதான் அது. மத்திய வங்கி அந்த முறிகளை ஏலத்தில் விடும். ஏலத்தில் குறைந்த விலைக்கு எடுத்தவருக்கு இலாபம் அதிகம். அரசாங்கத்துக்கு அந்த அளவு நட்டம்.

2015 பெப்ரவரி 27ஆம் திகதி மத்திய வங்கி 30 வருட முறி ஒன்றை ஏலத்தில் விட்டது. தேவை 100 கோடி ரூபா என்றுதான் அறிவித்தார்கள். அன்றைக்கு ஏற்றுக்கொண்டதோ 1,000 கோடிக்கும் மேல், பத்து மடங்கு. 100 கோடி மட்டும் எடுத்திருந்தால் நல்ல விலை கேட்டவர்களோடு முடிந்திருக்கும். பத்து மடங்கு எடுத்ததால் குறைந்த விலை கேட்டவர்களுக்கும் கிடைத்தது. ஏறத்தாழப் பாதி ஒரே ஒரு கம்பனிக்குப் போனது. பெர்பெச்சுவல் ட்ரெஷரிஸ் என்பது அதன் பெயர். அப்போதைய மத்திய வங்கி ஆளுநர் அர்ஜுன மகேந்திரனின் மருமகன் அர்ஜுன் அலோசியஸ் தொடர்புபட்ட கம்பனி அது. 2016 மார்ச் மாத ஏலங்களிலும் இதே போன்ற கேள்விகள் எழுந்தன.

இதில் நம் பணம் எங்கே வருகிறது? ஈ.பி.எப். நாட்டிலேயே பெரிய நிதி. அது நேரடியாகவே ஏலத்தில் முறிகளை வாங்கலாம். ஆனால் முக்கியமான சந்தர்ப்பங்களில் ஏலத்தில் குறைந்த விலைக்குக் கிடைத்த முறிகளை வாங்காமல், பிறகு அதே முறிகளைச் சந்தையில் அதிக விலைக்கு வாங்கியது.

புரிவதற்காக ஓர் உதாரணம் சொல்கிறோம். நம் தோட்டத்துக் கூட்டுறவுக் கடைக்கு அரிசி வேண்டும். மொத்தக் கடையில் மூட்டை 9,000 ரூபா. கடை மனேஜர் அன்றைக்கு அங்கே போகாமல் இருந்துவிடுகிறார். பக்கத்து வீட்டு முதலாளி போய் எல்லா மூட்டையையும் வாங்கிவிடுகிறார். மறுநாள் அதே மூட்டையை 10,500 ரூபாவுக்கு மனேஜர் அவரிடமே வாங்குகிறார். கடையில் அரிசி இருக்கிறது, கணக்குப் புத்தகத்தில் இரசீதும் இருக்கிறது. பூட்டு உடையவில்லை. ஆனால் மூட்டைக்கு 1,500 ரூபா உறுப்பினர்களின் பணம் போய்விட்டது. மனேஜருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால்தான் முழுக் கதையும் வெளியே வரும்.

இதை விசாரிக்க 2017 ஜனவரியில் ஜனாதிபதி ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. அதே வருட முடிவில் அறிக்கை கொடுத்தது. அந்தக் கம்பனி 1,100 கோடி ரூபாவுக்கு மேல் இலாபம் எடுத்தது என்றும், ஈ.பி.எப். போன்ற பொது நிறுவனங்களுக்கு 850 கோடி ரூபாவுக்கு மேல் நட்டம் என்றும் அறிக்கையில் இருந்ததாக அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நாட்டு மக்களுக்கு அறிவித்தார்.

850 கோடி என்பது நமக்குப் பிடிபடாத தொகை. நம் கணக்கில் பார்ப்போம். ஒரு தொழிலாளியின் ஒரு வருட ஈ.பி.எப். 81,000 ரூபா என்றோமே. அந்தக் கணக்கில் ஒரு இலட்சம் தொழிலாளர்கள் ஒரு வருடம் முழுவதும் சேர்க்கும் பணம் 810 கோடி. அதையும் தாண்டிய தொகை இது. அந்தப் பணத்தில் தோட்டத் தொழிலாளியின் பங்கும் இருந்தது, ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைகளின் பங்கும் இருந்தது, கடைச் சிப்பந்தியின் பங்கும் இருந்தது. சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று யாரையும் பிரித்துப் பார்த்து எடுக்கவில்லை.

ஆளுநராக இருந்தவர் சிங்கப்பூருக்குப் போனார். இங்கே நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்தது. வழக்குகள் வருடக் கணக்கில் இழுபட்டன. ஆட்சிகள் மாறின. இதைச் சொல்லும்போது உங்களுக்கு வரும் கோபம் நமக்கும் வருகிறது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இது எப்படி வெளியே வந்தது? கணக்காய்வாளர் நாயகம் ஏடுகளைப் பார்த்தார். பாராளுமன்றத்தின் கோப் குழு அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரித்தது. பத்திரிகைகள் விடாமல் எழுதின. ஆணைக்குழுவின் முன் அந்தக் கம்பனியின் தொலைபேசி உரையாடல் பதிவுகள் போட்டுக் காட்டப்பட்டன. அங்கேயும் உண்மையைப் பேச வைத்தது பதிவுகள்தான். அந்தத் தாயின் பிஸ்கட் டின்னும் அந்த ஒலிப்பதிவும் செய்த வேலை ஒன்றே.

எல்லா நட்டமும் களவு என்று நாம் சொல்லவில்லை. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது ஈ.பி.எப். தன்னிடம் இருந்த முறிகளைக் கொடுத்துவிட்டு, பின்னாட்களில் 9 வீத வட்டி தரும் முறிகளை எடுக்க நேர்ந்தது. மாறாவிட்டால் வரி 14 வீதத்தில் இருந்து 30 வீதமாக உயரும் என்று சட்டம் வந்தது. இது பாராளுமன்றத்தில் நிறைவேறிய முடிவு. மோசடி என்ற கணக்கில் இதைச் சேர்க்கக் கூடாது. ஆனால் அந்த முடிவு எடுத்த மேசையில் பணத்தின் சொந்தக்காரர்களான தொழிலாளர்கள் சார்பில் ஒருவரும் இருக்கவில்லை. ஈ.பி.எப். பணத்தை எங்கே போடுவது என்று தீர்மானிக்கும் இடத்தில் தொழிலாளர் பிரதிநிதிகள் உட்கார வேண்டும் என்று நாம் கேட்பது இதனால்தான்.

திருடிய பணம் வெள்ளையாவது எப்படி?

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. களவெடுத்த பணத்தை அப்படியே வைத்திருக்க முடியாது. எங்கிருந்து வந்தது என்று கேள்வி வரும். அதனால் அதை வேறு வேறு கணக்குகள் வழியாக ஓட்டி, வேறொருவர் பெயரில் காணி, வாகனம், கம்பனி என்று மாற்றி, நல்ல பணம் போலக் காட்டுவார்கள். இதற்குப் பெயர் பணத்தூய்தாக்கல். 2006இல் இருந்து இதற்கெதிரான சட்டம் இருக்கிறது.

அப்படி ஓட்டுவதற்கு அவர்களுக்குச் சாதாரண மக்களின் வங்கிக் கணக்குகள் தேவை. "தம்பி, உன் கணக்குக்குக் கொஞ்சம் காசு வரும், எடுத்துத் தா, 5,000 ரூபா உனக்கு" என்று கேட்பார்கள். வங்கி அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் கேட்பார்கள். கொடுத்தால் நாளைக்குப் பொலிஸ் வரும்போது ஏட்டில் இருப்பது உங்கள் பெயர்தான். கேட்டவர் இருக்கமாட்டார். ஆள் சேர்த்தால் பணம் வரும் என்று சொல்லும் பிரமிட் திட்டங்களும் இந்த நாட்டில் சட்டத்தால் தடை செய்யப்பட்டவை. சேர்த்துவிட்ட அக்காவும் சித்தியும் நம் லயத்து ஆட்களாக இருப்பதால் அது நல்லதாகிவிடாது. அவர்களும் ஏமாந்தவர்கள்தான்.

நாம் செய்ய வேண்டியவை

இனி வேலைக்கு வருவோம். கோபப்பட்டுவிட்டுக் கலைந்தால் இந்த வகுப்பால் பயனில்லை.

முதலாவது, சம்பளத் துண்டு. ஒன்றையும் எறியாதீர்கள். மாத வரிசையில் கட்டி வையுங்கள். ஈரம் படாத டின்னில் போடுங்கள். பிள்ளைகளிடம் சொல்லிப் போனில் படம் எடுத்து வையுங்கள். துண்டு தராத நிர்வாகத்திடம் கேட்டு வாங்குவது தோட்டத் தலைவரின் வேலை. துண்டில் வேலை நாள், கிலோ, ஈ.பி.எப். பிடிப்பு மூன்றையும் அன்றைக்கே பாருங்கள்.

இரண்டாவது, ஈ.பி.எப். கணக்குக் கூற்று. துண்டில் பிடித்ததும் கணக்கில் சேர்ந்ததும் ஒன்றா என்று ஒத்துப் பாருங்கள். ஓய்வு பெறும் நாள் வரை காத்திருக்காதீர்கள். பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம் பிழையாக இருந்தால் வேலையில் இருக்கும்போதே திருத்துங்கள். 10 வருடம் அங்கத்தவராக இருந்து, கணக்கில் 3 இலட்சம் ரூபா இருந்தால், வீட்டுக்காகவோ வைத்தியத்துக்காகவோ 30 வீதம் வரை முன்கூட்டியே எடுக்கலாம். அதற்குக்கூடக் கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும்.

மூன்றாவது, முறைப்பாடு. பணம் கட்டப்படவில்லை என்று தெரிந்தால் தொழில் திணைக்களத்துக்கு எழுத்தில் கொடுங்கள். பிந்திக் கட்டினால் நிர்வாகம் காலத்துக்கு ஏற்ப 5 வீதத்தில் இருந்து 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் செலுத்த வேண்டும். அப்படியும் கட்டாவிட்டால் நீதவான் நீதிமன்றத்தின் மூலம் அறவிடத் தொழில் ஆணையாளருக்கு அதிகாரம் இருக்கிறது. சேவைக்காலப் பணத்துக்கு 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 5 வருடம் முடித்த நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். 30 வருடம் வேலை செய்து, கடைசிச் சம்பளம் 1,350 ரூபா என்றால் 5 இலட்சத்து 67 ஆயிரம். வேலையை விட்டு 30 நாளுக்குள் தர வேண்டும். தவணை முறையில் தருகிறோம் என்று சொன்னால் தனியாகப் போய்க் கையெழுத்து வைக்காதீர்கள். சங்கத்துக்கு வாருங்கள்.

நான்காவது, தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். இது நம் கையில் இருக்கும் நல்ல ஆயுதம், நாம்தான் அதிகம் பயன்படுத்துவதில்லை. தொழில் திணைக்களத்திடமும் அரச தோட்டங்களிடமும் பிரதேச சபையிடமும் கேட்கலாம். எங்கள் தோட்டத்தில் எத்தனை மாத ஈ.பி.எப். நிலுவை? இதுவரை என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்? லயத்துப் பாதைக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, யாருக்குக் கொந்தராத்துக் கொடுத்தீர்கள்? ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்க முடியாது. தமிழில் எழுதலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அதிகாரிதான் எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதற்கும் மேலே ஆணைக்குழு உண்டு.

ஐந்தாவது, இலஞ்சம். ஈ.பி.எப். விண்ணப்பத்தை நகர்த்த, மரணச் சான்றிதழ் எடுக்க, காணிக் கடிதம் வாங்க 'டீ குடிக்க' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தனியார் துறையில் நடக்கும் இலஞ்சத்தையும் குற்றமாக்கியிருக்கிறது. அதே சட்டம் பொய் என்று தெரிந்தே குற்றம் சாட்டுபவரையும் தண்டிக்கும். எனவே பிடிக்காத உத்தியோகத்தரைப் பழிவாங்க இதைப் பயன்படுத்தக் கூடாது. யார், எப்போது, எவ்வளவு கேட்டார், பக்கத்தில் யார் இருந்தார் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள்.

ஆறாவது, தனியாக நிற்காதீர்கள். ஒருவர் கேட்டால் அவருக்கு மறுநாள் செங்குத்து மலையில் வேலை போடுவார்கள். 50 பேர் கையெழுத்து வைத்தால் பதில் எழுதுவார்கள். பொருளாதாரம் விழுந்ததற்கு யார் பொறுப்பு என்று பொதுமக்கள் சிலரும் ஓர் அமைப்பும் சேர்ந்து உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2023 நவம்பர் 14ஆம் திகதி, முன்னாள் ஜனாதிபதிகள் இருவர் உட்பட உயர் பதவிகளில் இருந்த பலர் மக்களின் அடிப்படை உரிமையை மீறினார்கள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேலே இருப்பவர்களைக் கேள்வி கேட்கவே முடியாது என்று இனிமேல் யாரும் சொல்ல வேண்டாம்.

சங்கத்தின் கணக்கும் உங்கள் கணக்குதான்

கடைசியாக ஒன்று. அடுத்தவர் தராசைப் பார்க்கச் சொல்லிவிட்டு நம் தராசை மூடி வைக்கக் கூடாது. மாதாமாதம் உங்கள் சம்பளத்தில் சந்தா பிடிக்கப்பட்டு சங்கத்துக்கு வருகிறது. அதுவும் உங்கள் பணம். தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தின்படி சங்கம் வருடாவருடம் கணக்குக் காட்ட வேண்டும். கணக்குப் புத்தகத்தைப் பார்க்க உறுப்பினருக்கு உரிமை உண்டு. கேட்டால் முகம் சுளிக்கும் தலைவர் இருந்தால், அவர் எந்தப் பதவியில் இருந்தாலும், கிளைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். தோட்டத்தில் கோயில் திருவிழாக் கணக்கும் மரண உதவிச் சங்கக் கணக்கும் அப்படியே. வரவு செலவை எழுதிப் பலகையில் ஒட்டுங்கள். 'நம்ம ஆள்தானே' என்று கேட்காமல் விட்ட இடங்களில்தான் நாம் அதிகம் இழந்திருக்கிறோம். கேட்டால் சண்டை வரும் என்று பயப்பட வேண்டாம். ஒளிக்க எதுவும் இல்லாதவர் கணக்குக் காட்டத் தயங்கமாட்டார்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒவ்வொரு தோட்டத் தலைவரும் தலைவியும் ஒரு வேலையை முடித்து வர வேண்டும். உங்கள் தோட்டத்தில் ஓய்வு பெற இன்னும் 5 வருடம் உள்ள உறுப்பினர்களின் பட்டியலை எடுங்கள். ஒவ்வொருவரின் பெயரும் அடையாள அட்டையும் ஈ.பி.எப். கணக்கும் ஒத்துப் போகிறதா, எந்த மாதம் வெறுமையாக இருக்கிறது என்று எழுதி வாருங்கள். படித்த பிள்ளைகள் லயத்துக்கு இரண்டு பேராவது இருக்கிறார்கள். அவர்களை உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள். அந்தப் பட்டியல்களைச் சேர்த்துக்கொண்டு நாம் எல்லோருமாகத் தொழில் திணைக்களத்துக்குப் போவோம்.

தலைப்பில் ஒரு கேள்வி இருக்கிறது. ஈ.பி.எப். பணத்துக்கு யார் காவல்? சட்டம் இருக்கிறது, திணைக்களம் இருக்கிறது, ஆணைக்குழு இருக்கிறது. ஆனால் நாம் பார்க்கிறோம் என்று தெரிந்தால்தான் அவர்களும் பார்ப்பார்கள். அந்தத் தாய்க்கு எழுத்துத் தெரியாது. ஆனால் தன் உழைப்புக்குச் சாட்சி வேண்டும் என்று தெரிந்திருந்தது. அது நம் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.